டிராக்டர் டயருக்குக் கஞ்சி ஊற்றியவன் நான்

சுங்குவார்சத்திரத்தில் முதல் பஞ்சர் கடை போட்டவன் நான். அதே இடத்தில் டியூபுக்குச் சூடு வைத்து ஒட்டுகிற வல்கனைசிங் அடுப்பை முதலில் பற்றவைத்தவனும் நான்தான். கரண்டு கம்பம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்தில், கிணற்று எஞ்சின் ஒன்றைப் பிரித்துக் காற்றடிக்கிற மிஷினோடு கோத்து ஓடவிட்டேன். அது கிளம்பினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். படப்பையில் ஒரு கிளை வைத்தேன், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் இன்னொன்று. கீழே கடை, மேலே வீடு என்று ஒரு மாடிக் கட்டடம் கட்டினேன். கொத்தனாரை நம்பாமல் நானே நூல் பிடித்ததால் மாடிப்படி கொஞ்சம் இடது பக்கமாகப் போகும். இன்றுவரை விழவில்லை. பெண்கள் மூன்று பேரையும் காலேஜ் வாசல் மிதிக்க வைத்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி. மீதிப் பாதியில் வாத்தியாருடைய சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை. மறுக்கிறது வேறு ஒன்றை.

எங்கள் வட்டாரத்து டிராக்டர்காரர்கள் சங்கம் ஒரு மலர் போடுகிறது. அச்சுக்குப் போகிற தாள்களைச் செயலாளர் தம்பி என்னிடம் காட்டினான். அதில் ஒரு பக்கத்தில், முள் குத்தினாலும் டயரில் காற்று இறங்காமல் தடுக்கிற மருந்து நம் பகுதிக்கு முதன்முதலில் ஒரு கம்பெனிப் பிரதிநிதி மூலமாக வந்தது என்று போட்டிருந்தது. என் பேத்தி அதை வாசித்துக் காட்டும்போதே எனக்குக் காது சூடாகிவிட்டது. "தம்பி, அந்தக் கம்பெனி மருந்து தகரடப்பால வர்றதுக்கு முன்னால ஏழெட்டு வருசம் நான் ஊத்திக்கினு இருந்தேன்" என்றேன். "எல்லாரும் அதான் சொல்றாங்கோ தாத்தா. இன்னா ஆதாரம் கீது? எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்று போய்விட்டான். அதனால் எழுதுகிறேன், நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதித் தருகிறாள். பெயர்கள் போடவில்லை. எங்கள் பக்கத்தில் தொழிலைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்று கம்பெனிகள் வரிசையாக நிற்கிற ரோட்டின் நீளம் முழுக்க அப்போது வேலிகாத்தான் காடு, சீமைக்கருவேலம் என்கிறார்களே அது. விறகுக்கு ஆகும் என்று எந்தப் புண்ணியவானோ விதை தூவிவிட்டான், அது ஏரிக்கரையை முடித்துவிட்டு, சும்மா கிடந்த மேட்டு நிலங்களுக்குள் இறங்கிவிட்டது. அதன் முள்ளைப் பற்றிப் புத்தகம் எழுதினாலும் தகும். பச்சையாக இருந்தால் வளையும். வெட்டிப்போட்டு இரண்டு வெயில் கண்டால் ஆணி. செருப்பைத் துளைத்துக் காலுக்கு வருவது சாதாரணம். டயர் எம்மாத்திரம். மாட்டு வண்டிக்கெல்லாம் மரச்சக்கரம் போய் டயர் வந்துகொண்டிருந்த நேரம். மரச்சக்கரத்திடம் தோற்றுக் கிடந்த முள், டயரைப் பார்த்ததும் தொழில் தொடங்கிவிட்டது. எனக்கு அதனால் நஷ்டம் இல்லை என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். உண்மைதான். முள் வளர்ந்தால் என் அடுப்பு எரியும். அப்படியிருந்தும் முள்ளுக்கு எதிராக வேலை பார்த்தேன் என்பதை மலரில் தனியாகக் குறிப்பிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் பக்கம் அப்போது உருப்படியாக ஓடிய டிராக்டர் ஒன்றே ஒன்று. அது டீச்சரம்மாவுடையது. புருஷன் நிலமும் டிராக்டரும் வாங்கி வைத்துவிட்டுச் சீக்கிரமே போய்விட்டார். அந்த அம்மா காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் டிராக்டர் என்று இரண்டையும் ஒரே குரலில் நடத்தினார். ஓட்டுகிற ஆள் ஒருவன் உண்டு. ஓட்டுவதில் சூரன், மற்றதில் சோம்பேறி. அவனுடைய சோம்பலில்தான் என் கண்டுபிடிப்பு முளைத்தது. அதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை.

டிராக்டரின் பின்பக்கத்துப் பெரிய டயரில், எடை வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் ஏற்றி வைப்பது வழக்கம். நல்ல தண்ணீர் ஏற்று என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். கிணறு வரைக்கும் போக அலுப்புப்பட்டு, டிரைவர் ஏரி ஓரத்துக் கலங்கலை அள்ளி ஏற்றிவிட்டான். ஆறு மாதம் கழித்து அந்தச் சக்கரத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள். டயருக்கு வெளியே ஏழு முள் தலை தெரிந்தது. டியூபைக் கழற்றிப் பார்த்தால் ஏழும் உள்ளே போயிருக்கிறது, ஆனால் ஒழுகியது ஒன்றுதான். மற்ற ஆறு ஓட்டையிலும் உள்ளேயிருந்து சேறு வந்து அடைத்து, காய்ந்த மூக்குச்சளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இன்னா நைனா அப்டி பாக்கற, டியூபுக்குள்ள புதையலா கீது?" என்று டிரைவர் கேட்டான்.

"புதையல்தான். நீ ஏத்தினது கிணத்துத் தண்ணிதான?"

"ஆமா, கிணத்துத் தண்ணிதான்."

"கிணத்துல கெண்டைக் குஞ்சு இருக்குமா?" என்று டியூபிலிருந்து விழுந்த ஒரு செத்த மீன்குஞ்சை எடுத்துக் காட்டினேன்.

"டீச்சரம்மாகிட்ட சொல்லிடாத வாத்தியாரே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். இன்றுவரை சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சேறு தானாக அடைக்கிறது என்றால், அடைப்பதற்கென்றே ஒன்றைச் செய்து உள்ளே விட்டால் என்ன? சேறு காய்ந்தால் கட்டியாகி ஒரு பக்கம் நின்றுவிடும், சக்கரம் ஆடும். காயாத ஒன்று வேண்டும், முள்ளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிற ஒன்று வேண்டும். நேராக வீட்டுக்குள் போய் என் மனைவி புடவைக்குப் போட வைத்திருந்த மைதாக் கஞ்சியை எடுத்தேன். அதில், ஒட்டுப் போடுவதற்கு முன் டியூபை அரத்தால் ராவும்போது உதிர்கிற ரப்பர் தூளைக் கொட்டிக் கலக்கினேன். அந்தத் தூள் எங்கள் கடையில் மூட்டைக் கணக்கில் கிடக்கும், கேட்பாரில்லை. கஞ்சி ஒட்டும், தூள் போய் ஓட்டையில் அடைக்கும். இதுதான் மொத்த யோசனையும். இதை யோசிக்க மூன்றாம் வகுப்பு போதும் என்று நான் சொன்னால் தற்பெருமை என்பார்கள். போதும் என்பதுதான் உண்மை.

முதலில் ஊற்றியது டீச்சரம்மாவின் டிரெய்லருக்கு. ஒரு வியாழக்கிழமை, இரண்டு சக்கரத்துக்கும். ஊற்றிவிட்டு நானே ஒரு முள்ளை எடுத்துச் சுத்தியால் அடித்து, பிடுங்கிக் காட்டினேன். புஸ் என்று ஒரு சத்தம், வெள்ளையாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். நின்றுவிட்டது. டீக்கடைக்காரர் தன் கடையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

இதில் அதிசயம் சனிக்கிழமை நடந்தது. டயரைத் தட்டிப் பார்த்தேன், வியாழக்கிழமை இருந்ததைவிடக் கெட்டியாக இருந்தது. அழுத்திப் பார்த்தேன். கல். நான் காற்றடிக்கவில்லை, டிரைவரைக் கேட்டால் அவனும் அடிக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஞ்சரை அடைக்கிற மருந்தைத் தேடினால், தானே காற்றை உண்டாக்கிக்கொள்கிற டயர் கிடைத்துவிட்டதே என்று டீக்கடை, சலூன், பஸ் நிற்கிற இடம் எல்லாவற்றிலும் சொல்லிக்கொண்டு போனேன். "கிணத்துல தண்ணி ஊறுதில்ல? அதுமாதிரி நம்ம டயர்ல காத்து ஊறுது" என்றேன். ஒருத்தனும் மறுத்துப் பேசவில்லை. ஒரு ஆள், "அப்போ நீ இனிமே கடைய மூடிக்கினு போய்டுவியா?" என்று மட்டும் கேட்டான். அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆராதனைக்கு வருகிற குடும்பங்களை டீச்சரம்மா டிரெய்லரில் ஏற்றி அழைத்து வருவார். சர்ச்சுக்கு வெளியே மரத்தடி நிழலை மற்ற வண்டிகள் பிடித்துக்கொண்டதால், டிரெய்லர் நல்ல வெயிலில் நின்றது. நான் என் டயரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு மதில் ஓரம் நின்றேன். உள்ளே போதகர் பிரசங்கத்தில் இருந்தார். முதலில் ஒரு சீட்டி மாதிரி கேட்டது. யாரோ பையன் குறும்பு செய்கிறான் என்று போதகர் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். சீட்டி நிற்கவில்லை. அடுத்தது வால்வில் இருந்த ஊசி பிய்த்துக்கொண்டு பறந்தது. அதற்குப் பின்னால் வந்தது கஞ்சி. புளித்து, நுரைத்து, சாம்பல் நிறமாக, ஒரு ஆள் உயரத்துக்கு. சர்ச் சுவருக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. மூன்று நாள் ஊறிய பழைய கஞ்சியைச் செருப்புக்குள் ஊற்றி வெயிலில் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஊர் நாய்கள் எல்லாம் அங்கே வந்தன. ஆராதனை அன்று சீக்கிரம் முடிந்தது.

டீச்சரம்மா வெளியே வந்து, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காத்து ஊறுதுன்னு ஊரெல்லாம் சொன்னியாமே?"

"ஆமாம்மா."

"இட்லி மாவு ராத்திரில பொங்குதே, அது ஏன்னு உன் வீட்டுக்காரியைக் கேட்டியா?"

நான் தோள் துண்டை எடுத்துச் சுவரில் வழிந்ததைத் துடைக்கப் போனேன்.

"கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா. இந்தச் சுவரை நீதான் வெள்ளை அடிக்கணும். இனிமே பஞ்சர் ஒட்டறதைத் தவிர என் வண்டில எதுலயும் நீ கை வைக்கக் கூடாது. கடவுள் சாட்சியா சொல்லிட்டேன், அவரும் உள்ள இருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தார்."

வெள்ளை அடித்தேன். அந்தச் சுவரும் நான் செய்த வேலைகளில் ஒன்று, மேலே பட்டியலில் விட்டுவிட்டேன்.

யோசனை சரி, சரக்குதான் கெட்டுப்போகிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. கெடாத கஞ்சி எங்கே இருக்கிறது? இதற்கு வழி சொன்னவன் டூரிங் டாக்கீஸ் போஸ்டர் ஒட்டுகிறவன். அவனை நான் மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அவனும் மைதாப் பசைதான் காய்ச்சுவான். சைக்கிள் கேரியரில் ஒரு வாளி நிறைய வைத்துக்கொண்டு வாரம் முழுக்க அதே பசையில் ஒட்டுவான். என் கடைக்குக் காற்றடிக்க வந்தபோது அந்த வாளிக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். நாற்றமே இல்லை.

"எப்ப காச்சினது?"

"போன படத்துக்கு."

"எப்டிப்பா புளிக்கல?"

"துத்தம் போடல நீ? மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டா பூச்சியும் வராது, புளிக்கவும் செய்யாது. மாடுகூட போஸ்டர தின்னாது. இது தெரியாமயா கோயில் சுவுத்துல பீச்சி அடிச்ச?"

"கோயில் இல்ல, சர்ச்சு."

"எந்த சாமி சுவுரா இருந்தா இன்னா, பசைய கெடாம காச்சணும் அண்ணாத்தே. அதான் தொழிலு."

எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றே துத்தம் போட்டுக் காய்ச்சி ஒரு பாட்டிலில் ஊற்றிக் கூரைமேல் வைத்தேன். இரண்டு வாரம் வெயிலில் கிடந்தது, அசையவில்லை. பச்சையும் நீலமுமாக அழகாகக்கூட இருந்தது. ஆனால் ஊற்றிப் பார்க்க டயர் வேண்டுமே. சர்ச் சமாச்சாரத்துக்குப் பிறகு, என்னைப் பார்த்தாலே மாட்டு வண்டிக்காரர்கள் வண்டியை ரோட்டின் அந்தப் பக்கமாக ஓட்டினார்கள்.

அந்த வருடம் மழை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. ஆடி போய் ஆவணியும் பாதி போன பிறகு ஒரே ஒரு மழை, நல்ல மழை. மேட்டு நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவர்களுக்கு அந்த ஒரு மழையின் ஈரத்தில்தான் எல்லாம். மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் பதம் நிற்கும். அதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். விட்டால் அந்த வருடம் கடலை இல்லை. பதினோரு குடும்பம் டீச்சரம்மாவின் டிராக்டரை நம்பி வரிசையில் நின்றார்கள். அந்த நிலங்களிலோ போன கோடையில்தான் வேலிகாத்தானை வெட்டியிருந்தார்கள். மரத்தை எடுத்துப் போய்விட்டார்கள், முள்ளை எடுத்துப் போக யாரால் முடியும். மண்ணுக்கு மேலே இருந்ததைவிட உள்ளே அதிகம்.

முதல் நாள் மத்தியானத்துக்குள் முன்சக்கரம் மூன்று முறை இறங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் கழற்றி, சைக்கிளில் என் கடைக்குக் கொண்டுவந்து, ஒட்டி, திரும்பக் கொண்டுபோய் மாட்டுவதற்குள் வெயில் இரண்டு முழம் நகர்ந்துவிடும். மூன்றாவது முறை நானே பையையும், துத்தம் போட்டுக் காய்ச்சிய ஒரு வாளிக் கஞ்சியையும் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். ஒன்றரை ஏக்கர்தான் உழுதிருந்தது. பதினோரு குடும்பத்து ஆட்களும் வரப்பில் நின்றிருந்தார்கள். ஒரு பெரியவர் மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். காலையில் உருண்டையாக நின்ற மண் இப்போது விரலிடுக்கில் உதிர்ந்தது.

டீச்சரம்மா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நான் போய் எதிரில் நின்றேன்.

"அம்மா, ரெண்டு முன்சக்கரத்தையும் என்கிட்ட ஒரு மணி நேரம் குடுங்க."

"மறுபடியும் கஞ்சியா?"

"இது வேற கஞ்சி. துத்தம் போட்டது."

"சுவரு வெள்ளையடிச்சு ரெண்டு மாசம்கூட ஆகல."

"இங்க சுவரே இல்லம்மா" என்றேன்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"அவன் கஞ்சி ஊத்தினா டயரு கெடும். ஊத்தாங்காட்டி வெள்ளாம கெடும். எது கெடலாம்னு நீயே சொல்லும்மா" என்றார் பெரியவர்.

"சரி. இது பொய்த்தா, நீ கடையை எடுத்துக்கிட்டு வேற ஊர் பார்க்கணும்" என்றார் டீச்சரம்மா என்னிடம். சரி என்றேன். என் மனைவி அப்போது இரண்டாவது பிள்ளைக்கு மாசமாக இருந்தாள்.

கஞ்சியை உள்ளே விடுவது ஒரு பெரிய பாடு. டிரெய்லருக்கு ஊற்றியபோது டியூபை வெளியே எடுத்து, மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயை வைத்து அரை நாள் புகட்டினேன். இங்கே அரை நாள் ஏது. வால்வு ஓட்டையோ பென்சில் அளவுகூட இல்லை. யோசித்தேன். உயரத்தில் ஒரு பாத்திரம், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாய் நுனியில் ஒரு மூக்கு. இப்படி ஒன்றை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தலையைச் சொறிந்தவன், டிரைவரைக் கூப்பிட்டு, "மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்ட போ, இனிமா கேன் கேட்டேன்னு சொல்லு" என்றேன்.

"யாருக்குன்னு கேட்டா?"

"டிராக்டருக்குன்னு சொல்லு."

அப்படியே சொல்லியிருக்கிறான். நர்ஸம்மா கேனைக் கொடுத்ததோடு நிற்காமல், கூடவே கிளம்பி வந்துவிட்டார். அது சரியாக வேலை செய்கிறதா என்று தான் பார்க்க வேண்டுமாம். கேனைக் கழுவிக் கொண்டுவந்தீர்களா என்று அவரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினோம். வால்வின் ஊசியைக் கழற்றினேன். வேப்பங்கிளையில் கேனைக் கட்டித் தொங்கவிட்டு, கஞ்சியை நல்ல தண்ணீர் விட்டுக் கொஞ்சம் இளக்கி ஊற்றி, குழாயை வால்வில் சொருகிப் பிடித்தேன். ரப்பர் தூள் இரண்டு முறை அடைத்துக்கொண்டது, துணியில் வடிகட்டிச் சன்னத் தூளாக ஊற்றினேன். வரப்பில் அதுவரை வாயே திறக்காமல் நின்ற சனம் இப்போது திறந்துவிட்டது.

"ரெண்டு நாளா மலச்சிக்கலாம்பா டிராக்டருக்கு."

"மெதுவா விடு மேஸ்திரி, அது மூக்க சுளிக்குது பாரு."

"யோவ், பின்னாடி நிக்காதீங்க. சர்ச்சுல நின்னவங்கள கேளுங்க."

நர்ஸம்மா மட்டும் தொழில் மரியாதையோடு, "இன்னும் கொஞ்சம் உயரத்துல கட்டுங்க, வேகமா இறங்கும்" என்றார். கட்டினேன், இறங்கியது. அன்றிலிருந்து பல வருடங்கள் என்னை இனிமா மேஸ்திரி என்றார்கள். கடைக்கு வழி கேட்டால்கூட அந்தப் பெயரைச் சொன்னால்தான் காட்டுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பெயர் வைக்கிறவனுக்கு, எதற்காக வைத்தோம் என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

காற்றடித்து, சக்கரத்தைக் கையால் நூறு சுற்று சுற்றிவிட்டு இறக்கினேன். டிரைவர் ஏறி உட்கார்ந்தான். முதல் உழவுச் சாலில் நான் டயரோடு கூடவே நடந்தேன். பாதி தூரத்தில் ஒரு முள் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். முழுசாக ஏறியது. சக்கரம் சுற்றி வந்தபோது அந்த இடத்தில் பச்சையாக ஒரு பொட்டு வைத்தது மாதிரி இருந்தது. அடுத்த சுற்றில் பொட்டின் மேல் மண் ஒட்டிக்கொண்டது. அதற்கடுத்த சுற்றில் எங்கே குத்தியது என்று எனக்கே தெரியவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தான். "ஓட்டுடா" என்றேன். அன்று பொழுது இறங்கும் வரை அவன் இறங்கவில்லை. மறுநாளும் ஓட்டினான், அதற்கு மறுநாளும். பதினோரு குடும்பத்து நிலமும் உழுதாகிவிட்டது. பின்னாலேயே பெண்கள் விதையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் டயரைக் கழுவி முள்ளை எண்ணினோம். ஒரு சக்கரத்தில் பத்தொன்பது, இன்னொன்றில் இருபத்துமூன்று. நாற்பத்திரண்டு முள்ளும் ஏறி, ஒருமுறைகூடக் காற்று இறங்கவில்லை.

டீச்சரம்மா முள்ளையெல்லாம் ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட என்றார். "நீ ஊரை விட்டுப் போக வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

இங்கேயே நிறுத்தினால் எனக்கு நல்லது. ஆனால் எதிராளி எழுப்பப்போகிற கேள்வி எனக்குத் தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த பங்குனியில் அந்த இரண்டு டியூபும் கெட்டுப்போயின. டயரைப் பிரித்தால் டியூப் கையோடு வந்தது. அல்வா மாதிரி இழுத்தால் இழுத்த பக்கம் நீண்டது. துத்தத்தில் இருப்பது செம்பு, செம்பு ரப்பரைத் தின்றுவிடும் என்று காஞ்சிபுரத்து டயர் பட்டறைக்காரர் ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போஸ்டருக்கு ஏது டியூப்? அவனுக்கும் தெரியாது. ஊரில் மறுபடியும் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. "மூணு நாளுக்குக் கேட்டோம், ஏழு மாசம் உழைச்சிருக்கு. அடுத்தது என்ன போடப் போறே?" என்றார்.

அடுத்தது போட்டது போரிக் பவுடர். கேரம் போர்டில் தூவுகிறோமே, அது. யோசனை என்னுடையது, சரக்கு நர்ஸம்மாவுடையது. பசையும் கெடவில்லை, ரப்பரும் கெடவில்லை. அதற்கப்புறம் டிரெய்லர், டயர் வண்டி, ஏர் தூக்கிப் போகிற தள்ளுவண்டி என்று ஊற்றாத சக்கரம் இல்லை. படப்பையிலிருந்து வந்தார்கள், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து வந்தார்கள். என் கடையில் ஒட்டுகிற வேலை பாதியாகக் குறைந்தது, ஊற்றுகிற வேலை அதைவிடப் பெருகியது. கேனை நர்ஸம்மா திரும்பக் கேட்கவே இல்லை.

அந்தக் கம்பெனிப் பிரதிநிதி வந்தது அதற்கும் பல வருடம் கழித்து. பேண்ட், டை, தகரடப்பா, ஆணி அடித்த பலகை ஒன்று. ரோட்டோரத்தில் கூட்டம் சேர்த்து, ஒரு டிராக்டரைப் பலகை மேல் ஏற்றி இறக்கிக் காட்டினான். காற்று இறங்கவில்லை. ஜனங்கள் கைதட்டவில்லை. அவனுக்குப் புரியவில்லை. "ஏங்க, ஆச்சரியமா இல்லையா?" என்று கேட்டான்.

டிரைவர்தான் சொன்னான்: "நல்லாதான் கீது சார். எங்க மேஸ்திரி ஊத்துறது வெள்ளையா இருக்கும், உன்னுது பச்சையா கீது. அதான் வித்யாசம்."

அந்தப் பையன் நல்லவன், சிரித்துக்கொண்டே என் கடைக்கு வந்தான். என் கஞ்சியை விரலால் தொட்டுப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். என்னென்ன போடுகிறேன் என்று கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். துத்தம் போட்டுவிடாதே, டியூபைத் தின்றுவிடும் என்றும் சொன்னேன்.

"ஐயா, இதுக்கு நீங்க பேட்டன்ட் எடுக்கலையா?"

எனக்குக் காதில் வேறு மாதிரி விழுந்தது. "நான் பேண்ட் எல்லாம் எடுக்கறதில்ல தம்பி, வேட்டிதான்" என்றேன். கூட்டம் விழுந்து சிரித்தது, ஏன் என்று என் பெண் ரொம்ப நாள் கழித்துத்தான் விளக்கினாள்.

அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான் என்று நான் சொல்லவில்லை. அவன் டப்பா ஏற்கெனவே டப்பாவாகத்தான் வந்தது. வெளிதேசத்தில் யாரோ எனக்கு முன்னாலேயேகூடக் கண்டுபிடித்திருக்கலாம், அங்கே யார் ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்பது நம் பகுதியைப் பற்றி. அவன் சரக்கு என்னுடையதைவிட நல்ல சரக்கு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். நானே பின்னால் அதை வாங்கி விற்றேன். ஆனால் முதலில் வந்தது அது என்று அச்சில் ஏறினால், அந்த மூன்று நாளில் கடலை போட்ட பதினோரு குடும்பமும் என்ன ஊற்றி உழுதார்கள்? ஆதாரம் கேட்டான் செயலாளர் தம்பி. அவனுடைய அப்பாவைக் கேட்கட்டும். பதினொன்றில் ஒரு குடும்பம் அவர்களுடையது. கையில் மண்ணை வைத்துக்கொண்டு, எது கெடலாம் என்று கேட்ட பெரியவர் அவனுடைய தாத்தா.

ஆகவே சங்கத்தாருக்கு என் கோரிக்கை இது. அந்தப் பக்கத்தில் உள்ள வரியை எடுத்துவிட்டு இப்படிப் போட வேண்டும்: டயரில் பஞ்சர் தடுக்கும் பசையை நம் பகுதியில் முதன்முதலில் காய்ச்சி ஊற்றியவர் சுங்குவார்சத்திரத்துப் பஞ்சர் கடைக்காரர். துத்தம் சொன்ன போஸ்டர்காரனையும், கேனும் போரிக் பவுடரும் கொடுத்த நர்ஸம்மாவையும், டயர் கொடுத்த டீச்சரம்மாவையும் அதற்குக் கீழே போடுங்கள், எனக்குச் சந்தோஷம். சேற்றுத் தண்ணீர் ஏற்றிய டிரைவரையும் வேண்டுமானால் போடுங்கள். ஆனால் அவர்களெல்லாம் கீழே, நான் மேலே. நான் இல்லாவிட்டால் பசை வாளியிலும், கேன் ஆஸ்பத்திரியிலும், சேறு ஏரியிலும் கிடந்திருக்கும். கம்பெனிப் பிரதிநிதியை அடுத்த வரியில் போடலாம். எழுத்து அளவு இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால்கூடப் பரவாயில்லை. வரிசை மாறக்கூடாது. அச்சுக்குப் போகுமுன் திருத்திய தாளை எனக்குக் காட்ட வேண்டும். பேத்தி சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பாள், வாசித்துச் சொல்வாள்.